ஆவி எழாத மூலை

இந்த வருடம் ஒஸ்லோவின் விளையாட்டுத் திடல்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர் போன ஞாயிறு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். புல் வெட்டுவது, கொதிகலனை இயக்குவது பற்றியெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்து நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தேன். அதெல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒருத்தி மட்டும் வேறொன்று கேட்டாள்.

"மாமா, மெஷின் கொட்டிலுக்குள்ள ஆணியில ஒரு கையுறை தொங்குது. அதில ஆரோ கையெழுத்துப் போட்டிருக்கினம். அது ஆருடையது?"

நான் தேநீர் போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன். பதில் சொல்லாமல் நழுவுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அந்த அனுபவம் ஒரு மனிதனின் முழங்காலை என்ன செய்தது என்பதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். எழுதும்போது எழுந்து குசினிக்குள் ஓட முடியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில் ஒன்று. நான் பராமரிப்பு வேலை பார்த்த திடலில் விளையாடும் கழகம் ஐரோப்பிய உதைபந்தாட்டப் போட்டியொன்றில் இலையுதிர்காலம் தாண்டியும் தப்பிப் பிழைத்திருந்தது. நவம்பர் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, பிரான்சின் துறைமுக நகரமொன்றின் கழகம் எங்களோடு ஆட வர வேண்டும். அந்தக் கழகத்தின் பெயர் வேண்டாம். அந்த நகரத்து ஆட்களின் ஞாபகசக்தியில் எனக்குப் பயம் இருக்கிறது. அந்தப் பருவத்தில் அவர்கள் உள்நாட்டுத் தொடரில் இரண்டாம் இடத்தில் நின்றார்கள். ஐரோப்பாவிலும் இரண்டு ஆட்டங்களை வென்றிருந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அவர்களுக்கு வாய்த்த நல்ல பருவம் என்று பத்திரிகைகள் எழுதின.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். அந்தக் கழகத்தின் இடப்பக்க ஆட்டக்காரர் ரியூனியன் தீவில் பிறந்தவர். ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் கொள்ளுப் பேரனோ எள்ளுப் பேரனோ. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவருடைய சட்டையின் முதுகில் பிரெஞ்சு எழுத்துக் கோலத்தில் இருந்த பெயரைப் படித்தால் அது எங்கள் ஊர்க் கோயில் ஐயாக்களில் ஒருவரின் பெயர். அது போதாதா? எங்கள் ஆட்கள் நிறைந்த ரொம்சோஸிலும் குரோருட்டிலும் அவர் ஒரே வாரத்தில் 'எங்கட வேலு' ஆகிவிட்டார். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து, எட்டு மாதம் கழித்து அப்போதுதான் திரும்பியிருந்தார். இது அவருடைய மூன்றாவது ஆட்டம். எங்கள் பெண்கள் அந்த முழங்காலுக்காக நேர்த்திக்கடன் வைத்ததாகவும் கேள்வி.

இப்போது என் மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட நோர்வேக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவர். இங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். எனக்கு வாய் வரவில்லை. 'ஷெஃப்' என்பேன். நோர்வேஜிய மொழியில் மேலதிகாரி என்று பொருள். அவருக்கு அது அறவே பிடிக்காது. "நான் ஷெஃப் எண்டால் நீர் நான் சொல்லுறதைக் கேக்கவேணும். கேக்கிறீரா?" என்பார். அவர் பேசியதை எங்கள் தமிழிலேயே தருகிறேன். எனக்கு அவர் அப்படித்தான் காதில் இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை பேர்கன் நகரத்தில் இருந்த அவருடைய தகப்பனுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தது. விமானம் ஏறுவதற்கு முன் என்னைத் திடலோரம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சாண் உயரத்துக்குப் பனி கிடந்தது. மண் உறையாமலிருக்கப் புல்லுக்குக் கீழே பதித்த குழாய்களில் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. வடமேற்கு மூலையில் மட்டும் குழாய் சரியாக வேலை செய்வதில்லை. கோடையில் யாரோ தோண்டியபோது நேர்ந்த பழுது. வசந்தத்தில்தான் திருத்த முடியும். அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

"வியாழன் காலமை வரைக்கும் பனியில கை வைக்காதையும். அந்த மூலைக்கு அதுதான் போர்வை. நான் வந்தாப்பிறகு எடுப்பம்."

"ஓம், ஷெஃப்."

மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். ஆனால் புதன்கிழமை பிற்பகல் பிரெஞ்சு அணி திடலைப் பார்க்க வருவதாக இருந்தது. பயிற்சி உள்ளரங்கில்தான் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சும்மா வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். அன்று காலை என் சிநேகிதன் சிவநேசன் வந்தான். பஸ் சாரதி. எதற்கும் முதல் ஆளாய் நிற்பவன். வெள்ளையாய்க் கிடந்த திடலைப் பார்த்து முகம் சுளித்தான்.

"என்னடாப்பா இது? வேலு வாற நேரம் முற்றம் கூட்டாமல் கிடக்குது?"

"ஷெஃப் வேண்டாமெண்டு சொன்னவா."

"அவ வெள்ளைக்காரி. அவவுக்கு என்ன விளங்கும்? ஆக்கள் வீட்டை வரேக்கை இப்பிடியே விட்டு வைப்பாய்?"

சிரிக்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். விருந்தாளி வருகிற வாசலைக் கூட்டாமல் விடுவது எங்களுக்கு எவ்வளவு பெரிய வெட்கம் என்று உங்கள் அம்மாமாரைக் கேளுங்கள். இந்த நாட்டில் டுக்னாட் என்று ஒரு வழக்கம் இருக்கிறது அல்லவா, அயலவர்கள் கூடிச் சம்பளமில்லாமல் பொதுவேலை செய்வது? சிவநேசன் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு டுக்னாட் கூட்டினான். ஒரு மணித்தியாலத்துக்குள் முப்பது பேர் பனி வழிக்கும் பலகைகளோடு வந்துவிட்டார்கள். மட்டக்களப்புச் சமையற்காரர் ஒருவர் ஹோட்டலில் சுகயீன விடுப்பே போட்டுவிட்டு வந்தார். சென்னையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என்ஜினியர் தம்பி ஒருவர் வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியைத் தள்ளினார். "சார், சூப்பர் எக்சர்சைஸ் சார், ஜிம்முக்கே போக வேணாம்!" என்று அவர் கத்த, பெண்கள் பிளாஸ்க்கில் தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்து இறக்கினார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சுற்றிலும் மலைகள் வெள்ளை, வீடுகள் வெள்ளை, நடுவே பச்சையாய் ஒரு திடல். நான் என் கையால் செய்த எதையும் அவ்வளவு அழகாய் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேலு வந்தார். வெறுந்தலையோடு, கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கோட்டோரம் நின்று பார்த்தார். குனிந்து புல்லைத் தடவினார். எங்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அதை அவர் தன் வீட்டில் பழகியிருக்க வேண்டும். முப்பது பேரும் பதிலுக்குக் கும்பிட்டோம். சிவநேசன் அழுதேவிட்டான்.

அன்று மாலை வானம் வெளித்தது. ஒரு முகிலும் இல்லை. குளிர்காலத்தில் வெளித்த வானத்தைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்படக் கூடாது; முகிலில்லாத இரவில்தான் தரை உறையும். வியாழன் காலை ஆறு மணிக்கு நான் வந்தபோது குளிர் மூக்கைக் கடித்தது. வடமேற்கு மூலைக்குப் போய்க் காலை ஊன்றினேன். கல். இரண்டு வரவேற்பறை அளவு இடம், மற்ற இடத்தைப் போலவே பச்சையாய், தட்டினால் சத்தம் கேட்கிற கல். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் கொடுமை.

பதினொரு மணிக்கு நடுவர் வந்தார். ஷெஃப் இல்லை. பேர்கனில் மூடுபனி, விமானம் தாமதம். எங்கள் கழகத்து நிர்வாகிகள் கோட் பைக்குள் கைகளை விட்டபடி அவர் பின்னால் நடந்தார்கள். நடுவர் நடுவட்டத்தில் குதிகாலை ஊன்றிப் பார்த்தார். இரண்டு கோல் வாசல்களிலும் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் திரும்பி ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார்.

"நான் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?"

இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்வி எனக்குக் கனவில் வருகிறது. கனவில் நான் "ஓம்" என்கிறேன், அவரை அந்த மூலைக்குக் கூட்டிப் போகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிகிறது. விழித்தால் நான் சொன்னது "இல்லை." உண்மையைச் சொன்னால் ஆட்டம் நிற்கும், நிர்வாகிகள் முறைப்பார்கள், ஷெஃப் "சொன்னனான் தானே" என்பார், முப்பது பேரின் டுக்னாட் பகிடியாகிவிடும். இவ்வளவும் இரண்டு விநாடிக்குள் என் தலைக்குள் ஓடின. முழங்கால் ஒன்று இருந்தது என்பது அப்போது என் ஞாபகத்துக்கே வரவில்லை. எனக்கு அது இன்றைக்கும் வெட்கம்.

மூன்று மணிக்கு ஷெஃப் விமானநிலையத்திலிருந்து நேரே வந்தார். வெளித்துக் கிடந்த திடலைப் பார்த்தார்.

"பனியை எடுத்திட்டீரோ?"

"இண்டைக்குக் காலமை எடுத்தம்."

"மூலை?"

"பிரச்சினையில்லை."

தகப்பனின் ஆஸ்பத்திரிக் கவலை அவர் முகத்தில் இருந்தது. என்னை நம்பி, உடுப்பு மாற்றப் போய்விட்டார். பொய் சொன்ன பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் ஒரே வேலையாகிவிடும். அந்தப் பிற்பகல் முழுவதும் நான் அந்த மூலையைச் சுற்றியே திரிந்தேன்.

ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வெளிச்சக் கோபுரங்கள் எரிந்தபோது திடலிலிருந்து ஆவி எழ ஆரம்பித்தது. கீழே வெந்நீர், மேலே கடுங்குளிர். முழங்கால் உயரத்துக்கு வெண்புகை மிதந்தது. ஆட்டக்காரர்களின் கால்களே தெரியவில்லை. இடுப்புக்கு மேல் மட்டும் இருக்கிற மனிதர்கள் சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருந்தார்கள். பந்து புகைக்குள் மறைந்து வேறெங்கோ எழுந்து வந்தது. பார்வையாளர்கள் மயங்கிப்போனார்கள். எங்கள் ஆட்கள் வேட்டித் துணியில் வேலுவின் பெயரைத் தமிழில் எழுதித் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நானும் எல்லாவற்றையும் மறந்து சற்றுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் கவனித்தேன். வடமேற்கு மூலையில் ஆவி இல்லை. அங்கே மட்டும் புல் தெளிவாக, பச்சையாகத் தெரிந்தது.

முதல் பாதியில் அந்த மூலைப் பக்கம் அதிகம் ஆட்டம் போகவில்லை. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். அப்போது வேலுவின் பக்கம் அதுதான்.

இடைவேளையில் ஷெஃப் பத்து அடி தூரத்தில் நின்றார். நடுவரின் அறைக் கதவு அதற்கடுத்து. இரண்டையும் தாண்டி நான் ஓடியது வேலுவிடம். திடலுக்குத் திரும்பும் வழியில் அவரை மறித்தேன். பக்கத்தில் அவர்களுடைய உடற்பயிற்சி மருத்துவர் நின்றார். வேலுவின் முழங்காலைக் குணப்படுத்தி ஆட அனுமதித்தவர் அவர்தான் என்று பத்திரிகையில் படம் வந்திருந்தது. நான் கையை நீட்டி மூலையைக் காட்டி, ஆங்கிலத்தில், "இடது மூலை. கல். ஓடாதீர்கள்" என்றேன். மைதானம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. என் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

வேலு சிரித்தார். அணி வந்து இறங்கியதிலிருந்து எங்கள் ஆட்கள் விமானநிலையத்திலும் ஹோட்டல் வாசலிலும் அவரிடம் கையெழுத்துக்கு நின்றிருந்தார்கள் அல்லவா? நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மருத்துவர் சட்டைப்பையிலிருந்து பேனா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் நீட்டிய கையை வேலு மெதுவாகப் பிடித்துத் திருப்பி, கையுறையின் மேல் கையெழுத்துப் போட்டார். என் தோளைத் தட்டினார். புகைக்குள் ஓடிப்போனார்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பந்து அவரிடம் வந்தது. கோட்டோரமாய் ஓடி, மூலைக்குள் நுழைந்து, உட்பக்கம் திரும்பக் காலை ஊன்றினார். கால் வழுக்கி, அதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பக்கத்தில் யாருமே இல்லை. ஆவி இல்லாததால் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் வேட்டித் துணி மெல்லக் கீழே இறங்கியது.

ஆட்டம் சமநிலையில் முடிந்ததாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெஷின் கொட்டிலில் ஷெஃப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பனியைப் புதனே எடுத்ததை, நடுவரிடம் சொன்ன பொய்யை, அவரிடம் சொன்ன பொய்யை, கையுறையை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். வெளியே பனி மறுபடி விழத் தொடங்கியிருந்தது.

"கடைசியா எண்டாலும் ஆருக்குச் சொன்னனீர்?"

"அவருக்கு."

"அவர் நடுவரோ?"

"இல்லை."

"ஆட்டத்தை நிப்பாட்ட அவராலை ஏலுமோ?"

"இல்லை, ஷெஃப்."

"பிறகேன் அவருக்குச் சொன்னனீர்?"

என்னிடம் பதில் இருந்தது. அவர்மேல் எனக்கு அன்பு இருந்தது, ஷெஃப், உங்கள்மேல் பயம் இருந்தது. அதனால் பயமில்லாத இடத்தில் சொன்னேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. ஷெஃப்புக்கு அது விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு தாளும் பேனாவும் என் முன்னால் வைத்தார்.

"எழுதும். அந்தக் கழகத்துக்கு. நடந்தது நடந்தபடி. குழாய் பழுது எண்டு எனக்கும் தெரியும், நான் ஒருத்தருக்கும் அறிவிக்கேல்லை எண்டதையும் எழுதும். கீழை நானும் கையெழுத்துப் போடுறன்."

பிள்ளைகளே, வேலை போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்தக் கடிதத்தை எழுத ஒரு நாள் முழுக்க எடுத்தது. வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது, இரண்டு மாதம் ஆட்ட நாட்களில் என்னைத் திடலுக்குள் விடவில்லை. ஷெஃப்புக்கும் ஒரு கடிதம் வந்தது. அவர் அதைக் கொதிகலன் அறைச் சுவரில் ஒட்டிவைத்தார். எங்கள் ஆட்களிடையே செய்தி பரவியபோது "எங்கட ஆள்தான் எங்கட வேலுவை விழுத்தினது" என்று கடைகளில் கதைத்தார்கள். சிவநேசன் மட்டும் வந்து, "நானும்தானே பனி தள்ளினனான்" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அந்தப் பிரெஞ்சுக் கழகத்தோடு வாழ்ந்தேன். சனிக்கிழமைகளில் தொலைக்காட்சியில் ஆட்ட முடிவுகள் வரும் எழுத்துப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எண்கள் மாறும்வரை காத்திருப்பேன். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்துகள். டிசம்பரில் ஐரோப்பியப் போட்டியின் அடுத்த சுற்றுக்கு எப்படியோ தப்பிப் போனார்கள். ஜனவரியில் உள்நாட்டுக் கிண்ணத்தில் பெயர் தெரியாத சிற்றூர் அணி ஒன்றிடம் தோற்றார்கள். பெப்ரவரியில் போர்த்துக்கல் அணி ஒன்று அவர்களை ஐரோப்பாவிலிருந்து வெளியேற்றியது. தொடரில் இரண்டாம் இடம் நான்கானது, ஆறானது, எட்டானது. இடப்பக்கம் ஓட ஆளில்லை. ஒவ்வொரு தோல்வியையும் அந்த மூலையில் நானே உறைய வைத்ததாக நினைத்தேன். மனைவி கவிதா தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

பெப்ரவரி கடைசியில் பிரான்சிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்த உடற்பயிற்சி மருத்துவர். வேலுவை முற்றாகக் குணமாகுமுன் ஆடவிட்டார் என்று அங்கே எல்லோரும் அவரைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். அவரை வேலையிலிருந்து நீக்கும் முடிவும் எடுக்கப்பட்டிருந்தது. "உங்கள் கடிதத்தைத் தலைவரின் மேசையில் வைத்தேன். நான் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறேன்" என்று எழுதியிருந்தார். கீழே வேலுவைப் பற்றி இன்னும் இரண்டு வரி. "அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் சந்தோஷத்தில் அழுவதாக நினைத்தாராம்."

அதைக் கொட்டிலில் உட்கார்ந்து படித்துவிட்டு, கையுறையை ஆணியில் மாட்டினேன். அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. அதை ரசிகனின் ஞாபகப் பொருள் என்று நினைத்து யாரும் படம் எடுக்க வேண்டாம். நடுவர் உங்களிடம் கேட்கிற நாளில், கொட்டிலை விட்டு வெளியே போகுமுன் அதை ஒரு தடவை பாருங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

மே மாதம் வந்தது. அந்தப் பிரெஞ்சுக் கழகத்துக்குப் பருவத்தின் கடைசி ஆட்டம், ஒரு சனிக்கிழமை மாலை. வெளியே வெயில், குரோருட் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. தமிழ்த் தொலைக்காட்சிக்காக மேல்மாடத்தில் பூட்டியிருந்த டிஷ்ஷில் ஒரு பிரெஞ்சு அலைவரிசையும் அரைகுறையாக வரும். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அந்தப் பனிக்குள் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து எது, புள்ளி எது என்று தெரியவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் உள்ளே இறங்கக் காத்துக் கோட்டோரம் ஒருவர் வந்து நின்றார். கழுத்தைக் கொஞ்சம் சரித்துப் புல்லைக் குனிந்து தடவினார். நான் எழுந்துவிட்டேன். கதிரை பின்னால் விழுந்தது.

சத்தம் கேட்டுக் கவிதா குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னப்பா? கோல் அடிச்சிட்டாரோ?"

"இல்லை," என்றேன். "ஓடுறார்."